கதவைத் தட்டுகிறவன்

கதவின் மேல் முதல் அடி விழுந்ததும் கத்தி வாழைக்காயை விட்டு என் இடது கை ஆள்காட்டி விரலுக்குள் இறங்கிவிட்டது. வலி பிறகுதான் வந்தது. முதலில் ஈரம், வாழைக்காய்க் கறையின் பிசுபிசுப்பைவிடச் சூடான ஈரம். யார் என்று நான் கேட்கவில்லை. பால்காரர் விரல் முட்டியால் தட்டுவார். கீழ்வீட்டு ராதாபாய் அம்மா வளையல் சத்தத்தோடு தட்டுவார். இது உள்ளங்கையை விரித்து, தோளிலிருந்து வீசி அறைகிற அடி. இந்தக் கையை என் காதைவிட என் கன்னத்துக்கு நன்றாகத் தெரியும், முதுகுக்குத் தெரியும், தலைமயிருக்குத் தெரியும். கஸ்பார். என் அண்ணன். தூத்துக்குடியிலிருந்து விடியும் முன்னே பஸ் ஏறி மதுரைக்கு வந்திருக்கிறான். "ஏட்டி ஜெனோவா, நான்தான். தொற." கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவன் மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மறுபடி அறைந்தான், தாழ்ப்பாள் துள்ளியது. நான் எழுந்தபோதே மடியில் விரித்திருந்த துண்டு நழுவிவிட்டது, எங்கோ கிடக்கிறது. அப்படியானால் ரத்தம் எங்கே சொட்டியது, தரையிலா, சேலையிலா. வெள்ளைச் சேலை, கோர்ட்டுக்குக் கட்டியது. மடிப்பு எடுக்க நேரமாகும் என்று குளித்த கையோடு கட்டிவிட்டுத்தான் நறுக்க உட்கார்ந்தேன். வலது கையால் கொசுவத்தைத் தடவிப் பார்க்கிறேன். ஈரமாக இருக்கிறது. காய் கழுவிய தண்ணீராக இருக்கலாம். விரலை மூக்கருகே கொண்டுபோனால் துருப்பிடித்த ஆணியின் வாசம், ஆனால் இப்போது எதைத் தொட்டு முகர்ந்தாலும் அந்த வாசம்தான். ஈரத்தைத் தொட்டு அறியலாம், நிறத்தை எப்படி அறிவது. இந்த மாடியில் கண் இருக்கிற ஒரே ஆள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான்.

இன்றைக்குச் சண்முகக்கனியின் வழக்கு. அவள் புருஷன் கூண்டில் ஏறுகிறான், நான் அவனைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். சீனியர் தாட்சாயணி மேடத்துக்குப் பின்னால் நின்று வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுப்பதல்ல, நானே, என் வாயால், முதல் தடவை. போன வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் வராந்தாவில் வைத்து மேடத்திடம் சொன்னார், எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டவர் போல: காயத்தைப் பார்க்க முடியாதவங்க காயத்தைப் பத்தி என்ன கேட்டுடப் போறாங்க. நான் அந்தக் காயத்தைப் பார்த்திருக்கிறேன். சண்முகக்கனியின் முன்னங்கையை என் இரண்டு கைகளிலும் வாங்கி, எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்துபோன மேட்டைக் கட்டைவிரலால் தடவியிருக்கிறேன். அவள் புருஷன் அதை உலக்கையால் செய்தான். நான் தடவும்போது அவள் அழவில்லை, கூசுது மேடம் என்று சிரித்தாள். இன்றைக்கு நான் போகாவிட்டால் குறுக்கு விசாரணை இல்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள், அவன் சொன்னதெல்லாம் சொன்னபடியே நிற்கும். கதவு அதிர்கிறது. "உள்ளதான இருக்க. எண்ண காயுத வாசன வருது. தொறட்டி, அம்மாவுக்கு முடியல, ஒன்னயக் கேக்குதா." பொய். நேற்றுச் சாயங்காலம்தான் அம்மாவிடம் போனில் பேசினேன், சீலா மீன் விலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் நீ இருக்கிற தெரு என்ன பேரு என்று கேட்டாள், நானும் சொன்னேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பான். அவன் கேட்டு எதையும் மறுத்து அவளுக்குப் பழக்கமில்லை. அடுப்பு. எண்ணெய் புகைகிறது, அணைக்கவேண்டும். அணைத்தேன். சேலையில் ரத்தம் இருக்கிறதா.

"என்னய ஏன்ட்டி இப்படி அலைய வைக்க" என்கிறான், குரல் உடைகிறது. அவன் அடிப்பதைவிட அவன் குரல் உடைவதுதான் எனக்குப் பயம். அன்றைக்கும் அடிக்கு முன்னால் அழுதான். கல்லூரியில் இரண்டாம் வருஷம். பீச் ரோட்டில் சைக்கிளைப் பிடித்தபடி கூடப் படிக்கிற பையனோடு பேசிக்கொண்டிருந்தேன், அவன் ஏதோ சொன்னான், சிரித்தேன். ஐஸ் கம்பெனி வேலை முடித்து வந்த கஸ்பார் பார்த்துவிட்டான். தெருவில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்து அழுதான், என்னயத் தல குனிய வச்சிட்டியே என்று. நான் அவனைத் தேற்றப் போனேன். பக்கத்தில் போனதும் பின்னலைப் பிடித்தான். அடுப்படிக்குப் போகிற வாசலின் நிலை, தேக்கு மரம், அப்பா இருக்கும்போது வைத்தது. அந்த மரத்தில் என் நெற்றியை மோதினான், மறுபடி மோதினான், அம்மா போதும்ல போதும்ல என்று அடுக்களைக்குள் நின்றே சொல்லிக்கொண்டிருந்தாள். என் தடித்த கண்ணாடி உடைந்து ஒரு சில்லு புருவத்தில் ஏறியது. ரத்தம் நின்றுவிட்டது, எல்லோரும் சாப்பிட்டோம். மறுநாள் வலது கண்ணுக்குள் கரித்தூள் கொட்ட ஆரம்பித்தது. இருட்டில் மின்னல் வெட்டியது. பிறகு ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் துணியை யாரோ மெதுவாக இழுத்து மூடுகிற மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் காரணம் கேட்பார்கள் என்று நாளைக் கடத்தினார்கள். முழுவதும் மூடிய பிறகுதான் கூட்டிப் போனார்கள். டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், அம்மா முந்திக்கொண்டாள், பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார். இவ்வளவு பவர் இருக்கிற கண்ணுக்குச் சின்ன அடியே போதும், மறுநாளே கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அவர். கஸ்பார் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவன் கை என் தோளில் இருந்தது, டாக்டர் பேசி முடிக்கும்வரை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் இடது கண்ணும் அதே மாதிரி மூடியது. அதற்கு அவன் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்னை அடிக்கவில்லை என்று சொன்னால் சரியாக இருக்காது. காபி போடப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டபோது அறைந்தான், அறைந்துவிட்டு அழுதுகொண்டே மருந்து தடவினான். தன் கல்யாணத்தை வேண்டாம் என்றான். மீனில் முள் எடுத்து, சோற்றைப் பிசைந்து, உருட்டி என் வாயில் வைத்தான். என் தலையை அவனே சீவிவிட்டான். அந்த விரல்கள் மயிருக்குள் நுழையும்போதெல்லாம் என் உச்சந்தலைத் தோல் சுருங்கும், பேன் இருக்கு போல என்பான். தெருவே சொன்னது, இப்படி ஒரு அண்ணன் யாருக்கு வாய்ப்பான். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப்போவான். சாயங்காலம் பூட்டு திறக்கும், ஐஸ் கம்பெனியின் அமோனியா வாசமும் மீன் வாசமும் உள்ளே வரும், என் பிள்ளை என்ன செஞ்சிது இன்னைக்கு என்று கேட்கும். அத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அன்றைக்கு என்ற சொல்லை அவன் சொன்னதில்லை. கண் போனது என்பான். கடவுள் எடுத்துக்கிட்டார் என்பான். யாரோ பஸ்ஸில் பர்ஸை எடுத்துக்கொண்ட மாதிரி. சில நாள் எனக்கே சந்தேகம் வரும், ஒருவேளை வழுக்கித்தான் விழுந்தேனோ. குளியலறைத் தரையின் ஈரம் நெற்றியில் பட்டதாகக்கூட நினைவு வரும். அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை, என் தலைக்குள் இருந்ததையும் அவன் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருந்தான். திரும்பவும் அடி. இப்போது காலால். கதவின் கீழ்க் கீல் முனகுகிறது. கீழே ராதாபாய் அம்மாவின் கிரைண்டர் ஓடுகிறது, காலையில் மாவு அரைத்து விற்கிறவர், அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கிறது. அந்த மாதிரி ஒரு போன்தான் என்னை வெளியே கொண்டுவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்த கல்லூரித் தோழி ஒருத்தி பழைய போன் ஒன்றைக் கொடுத்து, அதைப் பேசவைக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாள். விரல் வைத்த இடத்தையெல்லாம் அது வாசித்துச் சொன்னது. பகலெல்லாம் போர்வைக்குள் வைத்துக் கேட்டேன். விட்டுப்போன பட்டப்படிப்பை அஞ்சல் வழியில் முடிக்கலாம் என்று அதுதான் சொன்னது, மதுரையில் பார்வையில்லாத பெண்களுக்கு விடுதி இருக்கிறது என்றும். ஒரு நாள் காலையில் கஸ்பார் போன பிறகு, மதுரைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் எழுந்தாள். எங்கிருந்தோ இன்னொரு சாவியை எடுத்துப் பின்கதவைத் திறந்துவிட்டு, முற்றத்தில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பலமாகத் தேய்த்தாள், நான் போவது கேட்கக்கூடாது என்று. மதுரை ஒன்றும் மடியில் வைத்துத் தாலாட்டவில்லை. மூடாத சாக்கடையில் விழுந்து முழங்காலைப் பிளந்துகொண்டேன். ரோட்டோரம் சும்மா நின்றால் யாராவது கையைப் பிடித்து இழுத்துப்போய் எதிர்ப்பக்கம் விட்டுவிடுவார்கள், நான் போக நினைக்காத பக்கம். எல்லாக் கையும் கஸ்பாரின் கை. ஒரு பெரியவரின் கையைக் கடித்திருக்கிறேன், அவர் பாவம், மன்னிப்புக் கேட்டார். பரீட்சையில் நான் சொன்னதை எழுதவந்தவள் பாதியைத் தன் இஷ்டத்துக்கு எழுதினாள், மறுபடி உட்கார்ந்து எழுதினேன். சட்டக் கல்லூரி. கம்ப்யூட்டர் காதுக்குள் வேகவேகமாக வாசிக்க வாசிக்கச் சட்டப் பிரிவுகள் தூக்கத்திலும் ஓடின. வீடு கேட்டுப் போன இடத்தில் எல்லாம், கேஸ் அடுப்பைப் பத்தவச்சு வீட்டைக் கொளுத்திட்டா என்றார்கள். ராதாபாய் அம்மா மட்டும் தன் அடுக்களையைக் காட்டி ஒரு காபி போடு பார்ப்போம் என்றார், குடித்து முடித்துச் சாவியைக் கொடுத்தார். என் சாவி. உள்ளிருந்து நான் பூட்டுகிற கதவு. அதைத்தான் இப்போது உதைக்கிறான்.

என்னிடம் வருகிற பெண்களிடம் சொல்வேன், கை ஓங்கின உடனே நூறுக்குப் போன் பண்ணு, யோசிக்காதே. நான் ஏன் பண்ணவில்லை. போன் பத்தடி தூரத்தில்கூட இல்லை. பண்ணினால் அடிக்கிறது யார் என்று கேட்பார்கள், அண்ணன் என்று சொல்லவேண்டும், அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாய் நிற்கிறது. போனுக்குப் பதிலாக என் கையில் இருப்பது கத்தி. கீழே வைக்கவே இல்லை, இப்போதுதான் கவனிக்கிறேன். பிடியெல்லாம் ரத்தம், வழுக்குகிறது, சேலையில் துடைக்கப் போய் நிறுத்திக்கொண்டேன். குரல் வருகிற உயரம் எனக்குத் தெரியும். குரலுக்குக் கொஞ்சம் கீழே தொண்டை. கதவைத் திறந்து ஒரே குத்து. இது புதிய நினைப்பில்லை. விடுதிப் படுக்கையில், பஸ்ஸில், சட்ட வகுப்பில் கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் என்ன வித்தியாசம் என்று பாடம் நடக்கும்போது, எத்தனை விதமாக அவனைக் கொன்றிருக்கிறேன். ஐஸ் உடைக்கிற இயந்திரத்தில் அவன் கையைக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சாகும்முன் அவன் ஒன்றைச் சொல்வான், சொல்லும்வரை நான் விடமாட்டேன். அது மன்னிப்பு இல்லை. மன்னிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. நடந்தது என்று சொன்னால் போதும். அது நடந்தது, நான் கற்பனை செய்யவில்லை என்று. சண்முகக்கனியின் புருஷனுக்குத் தயார் செய்த கேள்விகள் வரிசையாக நாக்கில் நிற்கின்றன. கதவுக்கு நேரே போய் நின்றேன். என் வாய் கோர்ட்டுத் தமிழில் பேசியது, நான் சொல்லிக் கொடுக்காமலே. "அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று சொல்ல முடியுமா?"

உதை நின்றது. "என்னட்டி பேசுத" என்றான். "டாக்டரிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னது யார்? நீங்கள் அப்போது எங்கே நின்றீர்கள்?" அவன் மூச்சு மரத்தின் வழியாகக் கேட்கிறது. அடுத்த உதையில் கீலின் ஆணி ஒன்று தெறித்துத் தரையில் உருண்டது. எப்படியும் உடையப்போகிறது, உடைந்து அவன் உள்ளே வருவதைவிட நான் திறப்பது மேல் என்று தாழ்ப்பாளை விலக்கினேன். வெளிக்காற்று, அதற்குள் அமோனியா. அவன் உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்து நின்றுவிட்டான். "ரத்தம். ஏட்டி, சேலையெல்லாம் ரத்தம்லா." எங்கே என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன், எனக்குத் தெரிந்தாகவேண்டும். "கொசுவத்துல. முட்டுக்குக் கீழ வர." அப்படியானால் வேறு சேலை கட்டவேண்டும், பெட்டியில் கஞ்சி போட்டது ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், அந்த நேரத்தில். "கையக் குடு, பாப்போம்" என்றான். எவ்வளவு மெல்லிய குரல். முள் எடுத்துச் சோறு ஊட்டிய குரல். என் கை தானாக நீண்டது, நீண்டதை என் உடம்பு முழுக்க வெறுத்தது. "இதுக்குத்தான சொல்லுதேன், ஒத்தயில ஒனக்கு ஏலாது. வா, போவோம்." கத்தியைத் தூக்கினேன். தொடாதே என்றேன். அவன் மணிக்கட்டை முறுக்கினான், கத்தி விழுந்து படிக்குப் படி உலோகச் சத்தத்தோடு கீழே போனது. பிறகு பின்னல். அதே விரல்கள், அதே இடம். என் தலை போகிற திசை என் தலைக்குத் தெரிந்திருந்தது, இந்த வீட்டுக்கும் நிலை உண்டு. ஆனால் என் இடது கை முந்திக்கொண்டது, மரத்துக்கும் நெற்றிக்கும் நடுவில் போய் நின்றது, அறுபட்ட விரல் நசுங்கியது, கண் இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாக வெடித்தது. வலது கை கதவோர ஆணியைத் தேடியது. மடக்கி மாட்டிய என் கோல், நான்கு அலுமினியத் துண்டுகள் ஒன்றாய்ச் சேர்ந்த கட்டை. மூச்சு வந்த இடத்தைப் பார்த்து அடித்தேன். முதல் அடி தோளில் பட்டது. அடுத்தது வாயில், ஏதோ முறிகிற சத்தம், பின்னல் விடுபட்டது. அவன் பின்னால் தடுமாறிப் படியில் உட்கார்ந்தது கேட்டது. மூன்றாவது அடிக்குத் தேவையே இல்லை. அடித்தேன். நான்காவதும் அடித்தேன். இனித்தது. தண்ணீர் தவித்தவனுக்குத் தண்ணீர் போல இனித்தது, இன்னும் இன்னும் என்று கை கேட்டது, ஓ, இதுதானா, இதற்குத்தானா இவன்கள் எல்லோரும். கை அந்தரத்தில் நின்றுபோனது.

கீழே கிரைண்டர் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியாது. அவ்வளவு அமைதியில் அவன் எதையோ துப்பினான், அது படியில் கல் மாதிரி விழுந்தது. பல்லாக இருக்கும். பிறகு, சத்தம் போடாமல், களைத்துப்போன குரலில் சொன்னான். "அன்னைக்கே ஒன்னய முழுசாக் கொன்னுருக்கணும்டி. பாதியில விட்டேன் பாரு."

அன்னைக்கு. அவன் சொன்னான். என்னைக் கொன்றிருக்கவேண்டும் என்று சொன்னான், என் காதில் விழுந்ததோ அந்த ஒற்றைச் சொல்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, இப்படி ஒரு சந்தோஷம் மனுஷருக்கு வரலாமா. ஒரு நாள் இருந்தது. அந்த நாளில் ஒருவன் என்னைப் பாதி கொன்றான். குளியலறைத் தரை காய்ந்துதான் கிடந்தது. அத்தனை வருஷம் என் தலைக்குள் யாரோ வழுக்கி விழுந்துகொண்டே இருந்தார்களே, அந்தப் பெண் எழுந்து போய்விட்டாள். படியில் வளையல் சத்தம். ராதாபாய் அம்மா பாதிப் படியில் நிற்கிறார், மாவு வாசத்தோடு. அவர் ஒன்றும் கேட்கும்முன் நான் கேட்டேன், இப்ப அவன் சொன்னது உங்களுக்குக் கேட்டுச்சா. கேட்டது என்றார். அன்னைக்கேன்னு சொன்னான்ல. "சொன்னான், வக்கீலம்மா. கொன்னுருக்கணும்னும் சொன்னான்." கூண்டில் ஏறிச் சொல்வீர்களா என்றேன். வளையலை மணிக்கட்டில் உருட்டுகிற சத்தம் கேட்டது. தனியாக இருக்கிற பெண்பிள்ளை அவரும், வாசலில் வாடிக்கையாளர்கள் வந்துபோகிற தொழில், அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிறகு அவனைத் தாண்டி மேலே ஏறி வந்து என் இடது கையைப் பிடித்தார். நான் உதறவில்லை. "சொல்றேன். மொதல்ல விரலைக் காட்டு."

அவரே போலீசுக்குப் போன் பண்ணினார். சிந்தியதைத் துடைத்தார், விரலில் துணி சுற்றினார், கஞ்சி போட்ட சேலையை எடுத்துக் கொடுத்தார். ஒற்றைக் கையால் மடிப்பு நிற்கவில்லை, அவர்தான் பின் குத்தினார். போலீஸ் வந்தால் அவனைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள், கோர்ட் முடிந்ததும் ஸ்டேஷனுக்கு வந்து நானே புகார் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். இன்னிக்குக் கோர்ட்டுக்குப் போகணுமா என்றார். போகவேண்டும். அவனை அடித்தது என் வலது கை. இந்தக் கையை வைத்துக்கொண்டு இன்னொருவனிடம் போய் ஏன் அடித்தாய் என்று எப்படிக் கேட்பேன். அந்த இனிப்பு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது. கேட்பேன். அது என்ன என்று தெரிந்துகொண்டுதான் கேட்கப்போகிறேன், சண்முகக்கனியின் புருஷன் எந்த இடத்தில் பொய் சொல்வான் என்று இப்போது எனக்குத் தெரியும். கவுனை மடித்துப் பையில் வைத்தேன், லேப்டாப்பை வைத்தேன், கோலைப் பிரித்தேன். ஒரு துண்டு வளைந்திருந்தது, இருந்தாலும் நீண்டு நின்றது. வாசலுக்கு வந்தபோது கஸ்பார் இன்னும் படியிலேயே உட்கார்ந்திருந்தான். ஓடவில்லை. ஓடுவதற்கு அவனுக்கும் இடம் இல்லை போல. இறங்கினேன். கோலின் நுனி அவன் காலில் முட்டியது. படியின் அகலம் முழுக்க நீட்டி வைத்திருக்கிறான். காலை எடு என்றேன். எடுக்கவில்லை. என் கணுக்காலைப் பிடித்து இழுக்க அவனுக்கு ஒரு நொடி போதும், கைப்பிடிச் சுவர் இடுப்பளவுதான். நின்றேன். "கோர்ட்டுக்கு நேரமாகுது. காலை எடு." துணி உரசும் சத்தம். கால் மடங்கியது. நான் அவனைக் கடந்தேன், என் சேலை அவன் தோளில் பட்டுக்கொண்டு போனது. இரண்டு படி கீழே போனதும், வீங்கிய வாயிலிருந்து, எப்போதும் கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"சாப்புட்டியாட்டி?"

நான் கோலை அடுத்த படியில் ஊன்றினேன். தெருவில் ஆட்டோ ஒன்று திரும்புகிற சத்தம் கேட்டது, கையைத் தூக்கினேன்.